நிபுணர் கணக்கும் பாதிப் பஞ்சப்படியும்

1974 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள், பம்பாயில் சம்பளம் வாங்கிப் பிழைத்த ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் ஒரே பேச்சாக இருந்தது. மத்திய சர்க்கார் அவசரச் சட்டம் ஒன்று பிறப்பித்திருந்தது. இனிமேல் சம்பளம் உயர்ந்தால் அந்த உயர்வு முழுவதும் கைக்கு வராது. பஞ்சப்படி உயர்ந்தால் அதில் பாதிதான் கைக்கு வரும். மீதி, அவரவர் பெயரில் கட்டாய டெபாசிட்டாகச் சர்க்காரிடம் இருக்கும்; பின்னால் வட்டியுடன் தவணை தவணையாகத் திரும்பக் கிடைக்கும்.

அதாவது பஞ்சப்படி நாற்பது ரூபாய் ஏறினால், இருபது ரூபாய் வீட்டுக்கு, இருபது ரூபாய் டில்லிக்கு. ஆனால் அரிசிக் கடைக்காரரோ, சால் வாடகை வசூலிக்க வருபவரோ பாதி வாங்கிக்கொண்டு மீதியை டெபாசிட்டில் எழுதிக்கொள்ளச் சம்மதிப்பதில்லை. திருநெல்வேலிக்கும் வட ஆற்காட்டுக்கும் மாதந்தோறும் போன மணியார்டரில்தான் முதலில் கை வைக்க வேண்டியிருந்தது.

இந்த யோசனை ஏதோ ஓர் அதிகாரிக்கு இரவில் தோன்றியதல்ல. பொருளாதாரப் படிப்பின் பலம் அதன் பின்னால் இருந்தது. மக்கள் கையில் பணம் அதிகம். கடையில் சரக்குக் குறைவு. கையிலுள்ள பணத்தைச் சிறிது காலம் முடக்கி வைத்தால் விலை இறங்கும் என்பது வாதம். வாதத்தில் தவறில்லை என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு பணத்தை முடக்கினால் விலை எவ்வளவு இறங்கும், எத்தனை மாதத்தில் இறங்கும், யாருடைய பணத்தை முடக்கினால் இறங்கும் என்ற கேள்விகளுக்கு அந்தப் படிப்பில் உறுதியான பதில் இருந்ததா? அன்று நடந்தவற்றைத் திரும்பிப் பார்த்தால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று வருஷத்து இடி

விலைவாசி ஒரே நாளில் ஏறவில்லை. 1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் வந்தார்கள். டிசம்பரில் யுத்தம் நடந்தது. 1972-ல் மழை பொய்த்தது. மகாராஷ்டிரத்தின் உட்பகுதிகளில் கிணறுகள் வறண்டு, கிராமம் கிராமமாக ஜனங்கள் ரோடு போடும் நிவாரண வேலைக்குக் கல்லுடைக்கப் போனார்கள். 1970-71-ல் 10 கோடியே 84 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் உணவு தானிய விளைச்சல் 1972-73-ல் 9 கோடியே 70 லட்சம் டன்னாகச் சுருங்கியது.

பம்பாய் ரேஷன் கடைகளில் மைலோ என்ற சிவப்புச் சோளம் வந்தது. அரிசிச் சோற்றுக்கே பழகிய வயிறுகள் அதை எப்படி ஏற்றன என்பதை அந்தக் காலத்து மனிதர்களிடம் கேட்டால் இன்றைக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வார்கள். மிருணாள் கோரே, அகில்யா ரங்கணேகர் போன்ற தலைவிகளின் பின்னால் பம்பாய்ப் பெண்கள் சப்பாத்திக் கட்டையும் தட்டும் ஏந்தி ஊர்வலம் போனதும் அந்த வருஷங்களில்தான்.

கோதுமை வியாபாரம்

இந்த நிலையில் 1973 ஏப்ரலில், கோதுமையின் மொத்த வியாபாரம் முழுவதையும் சர்க்காரே எடுத்துக்கொண்டது. இடைத்தரகனும் பதுக்கல்காரனும்தான் விலையை ஏற்றுகிறார்கள்; அவர்களை நடுவிலிருந்து நீக்கிவிட்டால் விவசாயிக்கும் நியாயம், சாப்பிடுகிறவனுக்கும் நியாயம் என்று சொல்லப்பட்டது. கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. பதுக்கலால் அடிபட்ட நகரத்து ஏழை எவனும் அதை எதிர்த்திருக்க மாட்டான்.

காகிதத்தில் கணக்கும் எளிதாக இருந்தது. இவ்வளவு விளையும், அதில் விவசாயி தன் வீட்டுக்கும் விதைக்கும் வைத்துக்கொள்வது இவ்வளவு, மீதி சந்தைக்கு வரும், அதில் 81 லட்சம் டன் சர்க்கார் வாங்கும். விலை குவிண்டாலுக்கு ரூ. 76.

நடந்தது வேறு. விளைச்சல் முந்திய வருஷத்து 2 கோடியே 64 லட்சம் டன்னிலிருந்து 2 கோடியே 47 லட்சம் டன்னாகக் குறைந்தது. அதைவிடப் பெரிய சங்கதி, விளைந்ததும் மண்டிக்கு வரவில்லை. கையில் கொஞ்சம் பசையுள்ள விவசாயி, ஊரெல்லாம் பஞ்சம் என்று பேசும்போது 76 ரூபாய்க்கு ஏன் அவசரப்பட்டு விற்க வேண்டும் என்று குதிரில் கொட்டி வைத்தான். லைசென்ஸ் இழந்த வியாபாரி சும்மா இருக்கவில்லை. இரவில் மாட்டு வண்டியிலும் லாரியிலும் சரக்கு வேறு வழி பார்த்துக்கொண்டது. சர்க்கார் கையில் கடைசியில் சேர்ந்தது ஏறத்தாழ 45 லட்சம் டன். வியாபாரிகள் நடுவில் இருந்த முந்திய வருஷம் சுமார் 50 லட்சம் டன் வாங்கப்பட்டிருந்தது என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

பஞ்சாபிலோ ஹரியானாவிலோ மண்டியில் உட்கார்ந்திருந்த மொத்த வியாபாரி நல்லவன் என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. கூடுதல் வட்டி வாங்கினான்; எடையில் கை வைத்தான். ஆனால் அவனுக்குச் சில விஷயங்கள் தெரிந்திருந்தன. எந்த ஊரில் எந்தப் பண்ணையாரிடம் எவ்வளவு கிடக்கிறது, யாருக்குப் பெண் கல்யாணம் வருகிறது, அதனால் எந்த மாதம் விற்றாக வேண்டும், எந்த ஸ்டேஷனில் வேகன் கிடைக்கும், எந்த ஊர்க் கிடங்கில் மழை ஒழுகும் என்பதெல்லாம் அவன் தலையில் இருந்தன. சின்ன விவசாயிக்கு விதைப்புக்கு முன்னாலேயே கடன் கொடுத்து, அறுவடையில் தானியமாக வாங்கிக்கொண்டவனும் அவனே. இந்த விவரங்கள் எந்தக் கமிஷன் அறிக்கையிலும் அச்சாவதில்லை. ஆயிரக்கணக்கான மண்டிகளில் சிதறிக் கிடந்த அந்த அறிவை ஒரே உத்தரவில் அகற்றிவிட்டு, அதன் இடத்தில் வைப்பதற்குச் சர்க்காரிடம் போதிய ஆளும் இல்லை, கிடங்கும் இல்லை, சாக்கும் இல்லை.

அரிசி மொத்த வியாபாரத்தையும் அதே வருஷம் எடுத்துக்கொள்வதாக இருந்தது. கோதுமையில் பட்ட அனுபவம் போதும் என்று அது தள்ளிப்போடப்பட்டது. அரிசி தின்னும் நம்மவர்கள் மயிரிழையில் தப்பினார்கள் என்று சொல்லலாம். 1974 மார்ச்சில் கோதுமைத் திட்டமும் கைவிடப்பட்டது. விலை ரூ. 105 ஆக உயர்த்தப்பட்டது. வியாபாரிகள் மறுபடி அனுமதிக்கப்பட்டார்கள். வாங்குவதில் பாதியைச் சர்க்காருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

இத்துடன் கதை முடிந்திருந்தால், தனியார் வியாபாரமே மேல் என்று பேசுகிறவர்கள் மார்தட்டிக்கொள்ளலாம். முடியவில்லை. திட்டத்தைக் கைவிட்ட அந்த வருஷம் விளைச்சல் மேலும் குறைந்து 2 கோடியே 18 லட்சம் டன்னாயிற்று. சர்க்காருக்குக் கிடைத்த கோதுமை 20 லட்சம் டன்னைக்கூடத் தொடவில்லை. எடுத்துக்கொள் என்றவர்கள் கணக்கும் பொய்த்தது; விட்டுவிடு என்றவர்கள் கணக்கும் பொய்த்தது.

நிபுணர்களுக்குள் சண்டை

நிபுணர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. திட்டக் கமிஷனில் அங்கத்தினராக இருந்த பி.எஸ். மின்ஹாஸ் கோதுமை ஏற்பை எதிர்த்தவர். ஐந்தாவது திட்டத்தின் கணக்குகள் நிஜத்துக்கு ஒவ்வாதவை என்று சொல்லி 1973-ல் பதவியை ராஜினாமா செய்தார். கேட்க ஆளிருந்தால் சொல்ல ஆளிருந்தது என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

அந்த ஐந்தாவது திட்ட நகலையே எடுத்துக்கொள்ளுங்கள். பொதுத் துறையில் ரூ. 37,250 கோடி செலவு என்று போட்டார்கள். கணக்கு முழுவதும் 1972-73 ஆம் வருஷத்து விலையில். திட்டம் தொடங்க வேண்டிய தேதி 1974 ஏப்ரல் 1. இடையில் 1973 அக்டோபரில் மேற்கு ஆசியாவில் யுத்தம் மூண்டது. பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது. உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் எந்தப் பேராசிரியரும் அதை எதிர்பார்த்துக் கணக்குப் போட்டிருக்கவில்லை. திட்டப் புத்தகம் அச்சிலிருந்து வரும்போதே பழையதாகிவிட்டது. அதைத் திருத்தி இறுதியாக ஒப்புக்கொள்ள 1976 செப்டம்பர் ஆயிற்று. ஐந்து வருஷத் திட்டத்தில் பாதிக் காலம் அதற்குள் ஓடிப்போய்விட்டது.

1974-ன் தொடக்கத்தில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர்கள் சி.என். வகீல், பி.ஆர். பிரம்மானந்தா ஆகியோர் முன்னின்று, நூற்றுக்கு மேற்பட்ட பொருளாதார நிபுணர்களின் ஆதரவுடன் பிரதம மந்திரிக்கு ஒரு மகஜர் அனுப்பினார்கள். செமிபோம்ப்லா என்பது அதன் விசித்திரமான பெயர். ஜனங்களிடமும் வங்கிகளிலும் உள்ள பணத்தில் ஒரு பகுதியைப் பத்திரங்களாக மாற்றி முடக்கிவிட வேண்டும் என்பது அதன் சாரம். வேறு சிலரோ, பற்றாக்குறைதான் நோய், பணத்தை முடக்குவது வீண், சரக்கைக் கொண்டுவரப் பாருங்கள் என்றார்கள். இரு தரப்பிலும் படித்தவர்கள். இரு தரப்பிலும் புள்ளிவிவரம் இருந்தது. நிதி அமைச்சகத்தின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக அப்போது இருந்தவர், பிற்காலத்தில் பிரதமரான மன்மோகன் சிங். அறிவாளிகளுக்குப் பஞ்சமில்லாத காலம் அது. அரிசிக்குத்தான் பஞ்சம்.

புள்ளியின் கதை

விலை எவ்வளவு ஏறியது என்பதாவது நிச்சயமாகத் தெரிந்ததா? 1960-ஐ 100 என்று வைத்த அகில இந்தியத் தொழிலாளர் விலைவாசிப் புள்ளி 1973-ல் சராசரி 236, 1974-ல் 304. ஒரே வருஷத்தில் 68 புள்ளி. பஞ்சப்படி இந்தப் புள்ளியை வைத்துத்தான் ஏறும். ஆகையால் புள்ளி எப்படிப் பிறக்கிறது என்பது குமாஸ்தா ஒவ்வொருவருக்கும் சொந்த விஷயம்.

அன்றைய புள்ளிக்கு அடிப்படை, 1958-59-ல் நாட்டின் 50 தொழில் மையங்களில் தொழிலாளர் குடும்பங்களைக் கேட்டு எடுத்த செலவுக் கணக்கு. அரிசிக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு என்று அன்று எழுதிய விகிதமே 1974-லும் தொடர்ந்தது. பதினைந்து வருஷத்தில் வாடகை என்ன ஆயிற்று, மண்ணெண்ணெய் என்ன ஆயிற்று என்பதை அந்த விகிதம் அறியாது. ரேஷன் சரக்குக்கு ரேஷன் விலையும் வெளிமார்க்கெட் விலையும் கலந்து எடுக்கப்படும். ரேஷன் கடையில் "ஸ்டாக் இல்லை" என்று பலகை தொங்கிய வாரத்தில் அந்தக் கலவை எந்த வீட்டுக்கும் பொருந்தாது.

இன்னொன்றையும் வெளிமாநிலத் தமிழர்கள் கவனிக்க வேண்டும். ஊருக்கு அனுப்பும் பணம் இந்தப் புள்ளியில் கணக்கில்லை. குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் அதை எழுதிக்கொள்வார்கள். ஆனால் அது நுகர்வுச் செலவு அல்ல என்று ஒதுக்கிவிடுவார்கள். பொருளாதார இலக்கணப்படி அது சரியாகவே இருக்கலாம். தாராவியில் ஒரு வயிறும் ஊரில் நான்கு வயிறுமாக வாழ்ந்தவனுக்கு, அவனுடைய செலவில் பெரிய பங்கு சர்க்கார் கணக்கில் செலவே இல்லை.

பம்பாய்க்கு இதில் பழைய அனுபவம் உண்டு. அறுபதுகளின் தொடக்கத்திலேயே, இங்குள்ள விலைவாசிப் புள்ளி உண்மையான ஏற்றத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று தொழிற்சங்கங்கள் புகார் கிளப்பின. அதிகாரிகள் முதலில் ஒப்பவில்லை. 1963 ஆகஸ்டில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் முன்னின்ற பம்பாய் பந்த்தில் நகரமே நின்றது. பேராசிரியர் டி.டி. லக்டாவாலா தலைமையில் நிபுணர் கமிட்டி அமைக்கப்பட்டது. கமிட்டி ஆராய்ந்துவிட்டு, புள்ளியில் குறை உண்டு, அது விலையேற்றத்தைக் குறைத்தே காட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டது. கடைக்குப் போய் வந்த தொழிலாளியின் மனைவிக்கு முன்பே தெரிந்திருந்ததைக் கண்டுபிடிக்க ஒரு பந்த்தும் ஒரு கமிட்டியும் தேவைப்பட்டன. லக்டாவாலாவின் பெருமையையும் சொல்ல வேண்டும்: தம் துறையின் கணக்கில் உள்ள ஓட்டையைத் தாமே எடுத்துக் காட்டிய நிபுணர் அவர்.

மேயிலிருந்து ஜூலை வரை

1974 மே 8 முதல் 27 வரை நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம். ஏறத்தாழ 17 லட்சம் ஊழியர் வேலை செய்த ஸ்தாபனம் அது. போனஸ், பஞ்சப்படி, வேலை நேரம் ஆகியவை கோரிக்கைகள். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள், வேலை இழந்தார்கள், ரயில்வே காலனிகளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் போலீஸ் வந்தது. போராட்டம் ஒடுக்கப்பட்டது.

அடுத்த ஆறு வாரத்துக்குள் வந்ததுதான் அந்த ஜூலைச் சட்டம். அதோடு கம்பெனிகள் கொடுக்கும் லாப ஈவுக்கும் வரம்பு கட்டினார்கள். வருஷம் ரூ. 15,000-க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கும் கட்டாய டெபாசிட் வைத்தார்கள். ரிசர்வ் வங்கி வட்டி 7 சதவீதத்திலிருந்து 9 ஆயிற்று. ஆகவே ஏழையை மட்டும் பிடித்தார்கள் என்று சொல்வது நியாயமல்ல. ஆனால் சம்பளக்காரனின் பணம் சம்பளச் சீட்டிலேயே நின்றுவிடும். ஒரு பைசா தப்பாது. கறுப்புப் பணம் சீட்டில் வருவதில்லை. எதைப் பிடிக்க முடியுமோ அதைப் பிடித்தார்கள்.

இறங்கியது எதனால்?

விலை இறங்கியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மொத்த விலை 1973-74-ல் 20 சதவீதமும், 1974-75-ல் 25 சதவீதமும் ஏறியிருந்தது. 1975-76-ல் ஏறாததோடு, ஒரு சதவீதம் குறைந்தும் போயிற்று. தொழிலாளர் புள்ளி 1975-ல் 321 வரை போய் 1976-ல் 296 ஆக இறங்கியது. சுதந்திர இந்தியாவில் இப்படி இறங்கிய வருஷங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எதனால்? பணத்தை முடக்கியதால்தான் என்றார்கள் ஒரு சாரார். 1974 செப்டம்பருக்குப் பிறகே விலை தணியத் தொடங்கிவிட்டதைச் சுட்டிக் காட்டினார்கள். அதே செப்டம்பரில் கடத்தல்காரர்களைப் பிடித்துப் போட்டதால்தான் என்றார்கள் இன்னொரு சாரார். வெளிநாட்டிலிருந்து தானியம் இறக்கியதால் என்றவர்கள் உண்டு. 1974 அக்டோபரில் நிதி மந்திரியாக வந்த நம் சி. சுப்பிரமணியத்தின் கைராசி என்று தமிழர் சிலர் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். 1975 ஜூன் 25-ல் வந்த அவசரநிலை, அந்தப் பெருமை முழுவதும் தனக்கே என்றது. அப்போது மறுத்துப் பேச ஆளில்லை. 1975-ல் மழை அள்ளிக் கொடுத்தது. விளைச்சல் 12 கோடியே 10 லட்சம் டன். மேகத்துக்கு எந்தக் கட்சியும் இல்லை.

இவற்றில் எதற்கு எத்தனை பங்கு என்பதில் பொருளாதார நூல்கள் இன்றளவும் ஒன்றுபடவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, எல்லாப் புள்ளிவிவரமும் மேஜை மேல் இருக்கும்போதே இந்த நிலை. மழை எப்படி இருக்கும் என்றே தெரியாத ஜூலை மாதத்தில், இருபது ரூபாயை நிறுத்தினால் விலை இறங்கும் என்று அவ்வளவு நிச்சயமாக எப்படிச் சொன்னார்கள் என்பதே ஆச்சரியம். இறங்காமல் போயிருந்தால் நஷ்டம் சொன்னவர்களுக்கு அல்ல.

பஞ்சப்படி முடக்கம் 1977-ல் ஜனதா சர்க்கார் வந்த பிறகே நின்றது. முடங்கிய பணம் வட்டியுடன் வருஷத் தவணைகளாகத் திரும்பி வந்தது. அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது. தவணைகள் வந்துகொண்டிருந்த காலத்திலேயே 1979-80-ல் மொத்த விலை மறுபடி 17 சதவீதம் ஏறியது. 

2020 ஏப்ரலில் கொரோனாவைக் காரணம் காட்டி மத்திய அரசு மூன்று தவணைப் பஞ்சப்படியை நிறுத்தியபோது, பழைய ஓய்வூதியர்களுக்கு 1974 ஞாபகம் வந்திருக்கும். சுமார் 48 லட்சம் ஊழியர்களும் 65 லட்சம் ஓய்வூதியர்களும் அதில் அடங்கினார்கள். 2021 ஜூலையில் விகிதம் 17 சதவீதத்திலிருந்து 28 ஆக உயர்த்தப்பட்டது. இடையில் போன 18 மாத நிலுவைக்கு, இந்த முறை டெபாசிட்டும் இல்லை, தவணையும் இல்லை.